பையாண்ட ஒரு ஆளு

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பெயிண்ட் வாங்கிய எவருக்கும் மஹ்பூபாவைத் தெரியும். பெயர்ப்பலகையில் ஷவுகத் அலி ஹார்டுவேர்ஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் மேஸ்திரிகளும் கொத்தனார்களும் அதைப் பாயம்மா கடை என்றுதான் சொல்வார்கள். ஷவுகத் அலி நல்ல மனிதர். கல்யாணம் என்றாலும் மவுத் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஊரில் எல்லார் வீட்டிலும் போய் நிற்கிறவர் தன் கடையில் எப்படி நிற்பார்? கடையில் நிற்பது மஹ்பூபா. காலையில் ஷட்டரைத் தூக்கினால், ராத்திரி இறக்கும்வரை கலர் மிஷினுக்கும் கல்லாவுக்கும் நடுவே அவள் கால் ஓயாது. "அந்த மஞ்ச வெளிச்செவுத்துக்கு வாணாம், ரெண்டு மழைல வெளுத்துப் போவும், இத்த எட்த்துகினு போங்க" என்று அவள் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது.

அப்பேர்ப்பட்டவள், இத்தாலி தேசத்தில் ஒரு மலையடிவாரத்தில், நிறுத்தி வைத்த பஸ்ஸுக்குள், ஊரார் பைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டிருந்தாள். கூட வந்தவர்கள் எல்லாரும் மேலே ஊர் பார்க்கப் போயிருந்தார்கள். அவளுக்கு வந்த கோபத்தில் அந்தப் பஸ்ஸின் ஏசி வேலை செய்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

இத்தாலி வந்ததே அவளால்தான். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் டீலர்களுக்கு ஒரு ஸ்கீம் போடுவார்கள். இவ்வளவு சரக்கு எடுத்தால் கிரைண்டர், இன்னும் எடுத்தால் பாங்காக், அதற்கும் மேலே எடுத்தால் தம்பதியாக இத்தாலி. ஷவுகத் அலிக்குப் பாங்காக்கே தாராளம். மஹ்பூபாதான் பிடித்த பிடியை விடவில்லை. கம்பெனிப் பையன் செல்போனில் காட்டிய படத்தில் குன்றின் மேல் ஒரு ஊர் இருந்தது. காவியும் மஞ்சளும் கலந்த சுவர்கள், ஓட்டுக் கூரைகள், கீழே மடிப்பு மடிப்பாக வயல்கள். இத்தனை வருஷமாக அவள் டப்பாவில் கலக்கிக் கலக்கி யார் யார் வீட்டுக்கோ கொடுத்தனுப்பிய கலர்கள் எல்லாம் அங்கே ஒரு தெருவாக நின்றன. இந்தத் தெருவில் ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு மனசில் விழுந்தது. அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றி எழும்பிய அடுக்குமாடிகளுக்கு அலைந்தாள். மாங்காட்டில் புது வீடு கட்டுகிறவர்களையெல்லாம் போனில் பிடித்தாள். திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பெரிய ஷெட் முழுக்க அவள் கடைச் சரக்குதான் அடித்தார்கள். டார்கெட் முடிந்த அன்று கம்பெனிக்காரர்கள் கடைக்கு வந்து மாலை போட்டார்கள். ஷவுகத் அலி கழுத்தை நீட்டினார்.

அதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. மாலை வாடிப்போகும், ஊரைப் பார்த்தால் கண்ணில் நிற்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஊர் பார்க்கும் ஆசை அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. திருமழிசையில் அவள் அத்தா லாரி ஓட்டினார். விஜயவாடா, நாக்பூர், இந்தூர் என்று அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெயர்களைத் தின்றே வளர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சுற்றுலாப் பிரியர்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கேள்விப்பட்டது பொய்யில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்துக் கிளம்பிவிடுகிற குடும்பம்தான் அது.

கல்யாணமான மூன்றாம் மாசம் நாகூர் கந்தூரிக்குப் போனார்கள். கொடி ரதம் வருகிறது என்று எல்லாரும் முண்டியடித்து ஓடினார்கள். திரும்பி வந்தால் மாமியாருடைய ரெக்சின் பை காணோம். அதில் இருந்தது இரண்டு புடவையும் ஒரு வெற்றிலைப் பெட்டியும். அதற்கு அந்த அம்மாள் நாகூரில் போட்ட கூப்பாடு நாகப்பட்டினத்தில் கேட்டிருக்கும். அன்றைக்கு ஒரு சட்டம் பிறந்தது. இனிமேல் எங்கே போனாலும் பையாண்ட ஒரு ஆளு இருக்கணும். அந்த ஒரு ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. புது மருமகள் பக்கம் எல்லார் கண்ணும் திரும்பியது, அவ்வளவுதான்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலின் உச்சியை மட்டும் வேன் ஜன்னலில் பார்த்தாள். ஊட்டியில் பூங்காவுக்கு வெளியே குக்கரையும் பாய்களையும் காத்துக்கொண்டு குளிரில் நடுங்கினாள். ஐதராபாத்தில் சார்மினாரை ஆட்டோவுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தாள், ஆட்டோக் கூரைதான் தெரிந்தது. மைசூர்தான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரண்மனைக்கு விளக்குப் போடுவார்கள் என்று போனார்கள். வேன் நின்றது எங்கேயோ ஒரு சந்தில். விளக்குப் போட்ட அந்த நொடி, ஆயிரக்கணக்கான ஜனங்கள் 'ஓ' என்று போட்ட சத்தம் மட்டும் அவளிடம் வந்தது. பல வருஷம் கழித்து வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தபோது, "நான் அரமனைய பாக்கலியே" என்றாள். மகள் ஜோயா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயும்தானம்மா வந்தே" என்றாள். வந்ததும் பார்த்ததும் ஒன்று என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது.

மாமியார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. சட்டம் காலமாகவில்லை. பழக்கம் பொல்லாதது, பாறை மேலும் கோழி சீய்க்கும் என்பார்கள். வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்று அவளைக் குறை சொல்கிறவர்கள், அந்த மாமியாரோடு ஒரு மாசம் இருந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

ரோமிலும் ஃபிளாரன்ஸிலும் பைகள் ஓட்டல் ரூமில் கிடந்ததால் மஹ்பூபா பிழைத்தாள். சர்ச்சுகளையும் நீரூற்றுகளையும் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்தாள். ஆனால் அவள் மனசெல்லாம் கடைசி நாளில் இருந்தது. அன்றைக்கு ஃபிளாரன்ஸ் ஓட்டலைக் காலி செய்துவிட்டு, பகல் முழுக்கக் கிராமப்புறம் வழியாக மூன்று மலை ஊர்களைப் பார்த்துக்கொண்டே ரோம் போய், மறுநாள் ஊருக்கு விமானம். பெரிய பெட்டிகள் பஸ்ஸின் வயிற்றுக்குள் போய்விட்டன. கைப்பைகள் சீட்டில் ஏறின.

முதல் ஊர் சான் ஜிமிஞானோ. திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி வரும்போதே குன்றின் மேல் உயரம் உயரமாகக் கல் கோபுரங்கள் தெரிந்தன. மஹ்பூபா செருப்பை மாட்டி, முக்காட்டைச் சரி செய்து, எழுந்தாள். ஷவுகத் அலி அவள் தோளை லேசாகத் தட்டி உட்கார வைத்தார்.

"நீ பையாண்ட இரு. ஃபிளாரன்ஸ்ல வாங்கின பெல்ட்டு, ஷாலு எல்லாம் அதுல கீது. அடுத்த ஊர்ல நீ எறங்கிக்கோ."

"இங்க யாருங்க எட்த்துகினு போவப் போறான்?"

"நாகூர்ல யார் எட்த்துகினு போனான்னு தெரியுமா உனக்கு?"

அம்பத்தூர் டீலர் நடேசனின் மனைவி சுதா அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததும் திரும்பி வந்து தன் பையையும் மஹ்பூபாவின் மடியில் வைத்தாள். "அக்கா, நீங்க இருக்கீங்கல்ல, இதையும் பாத்துக்கங்க." அதைப் பார்த்து சேலத்து டீலர் ஒரு பை வைத்தார். மதுரைக்காரர் இரண்டு வைத்தார். தும்பை விட்டால் வாலைப் பிடிக்க முடியுமா? பஸ் காலியாகும்போது அவளைச் சுற்றி ஒரு சந்தையே இருந்தது.

ஜன்னலில் தெரிந்தது வேறு மூன்று பஸ்களின் முதுகு. கோபுரங்களுக்கு நேராக ஒரு மரம் நின்றது.

திரும்பி வந்தவர்கள் கையில் ஐஸ்கிரீம் இருந்தது. ஊரே ஐஸ்கிரீமுக்குப் பேர் போனதாம். ஷவுகத் அலி வாயைத் துடைத்துக்கொண்டே ஏறி, "உனக்கு வாங்கினா வர்றதுக்குள்ள உருகிப் போவும்னு வாங்கல" என்றார். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் நான்கு கோபுரம் இருந்தது. மஹ்பூபா அதை வாங்கிப் பைக்குள் போட்டாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முப்பத்து மூன்று வருஷமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஊர் மோந்தெரிஜோனி. ஒரு மேட்டைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி மதில், அதற்குள் ஊர். இந்தத் தடவை அவள் எழுந்து நடைபாதைக்கே வந்துவிட்டாள்.

"இது சின்ன ஊரு மஹ்பூ, சும்மா ஒரு மதிலு, உள்ள ஒண்ணுமே இல்லியாம். அடுத்ததுதான் பெருசாம். அதுல போவலாம்."

"ஒண்ணும் இல்லன்னா நீங்க இருங்க. நான் அந்த ஒண்ணும் இல்லாதத பாத்துட்டு வரேன்."

"நடேசன் கீழ நிக்கிறான். நான் இல்லன்னா தப்பா நெனைப்பான்." சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார்.

கூட்டத்தின் எதிரில் சண்டை போடக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள் அவளை. உட்கார்ந்தாள். மதியத்து லுஹர் தொழுகையைச் சீட்டிலேயே தொழுதாள், அதிலும் மனசு நிற்கவில்லை. காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. பைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது? அடிவயிறு கனத்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டே சொன்னாள்.

டிரைவர் ஸ்டியரிங் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். எலியோ என்று பெயர். நரைத்த மீசை, வயசு அறுபது இருக்கும். ரொட்டியும் ஆப்பிளும் வைத்து அங்கேயே தின்றுகொண்டிருந்தார். அவர் கையை வாயருகே கொண்டுபோய்க் காப்பி குடிக்கிற மாதிரிக் காட்டினார், எதிரே இருந்த கடையைக் காட்டினார், பிறகு அவளைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். மஹ்பூபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த நேரத்தில் டூர் மேனேஜர் ஸ்ரீகாந்த் யாருக்கோ மாத்திரை எடுக்க பஸ்ஸுக்கு வந்தான். டிரைவர் அவனிடம் படபடவென்று ஏதோ கொட்டினார்.

"என்ன சொல்றாரு தம்பி?" என்று மஹ்பூபா கேட்டாள்.

ஸ்ரீகாந்த் சங்கடமாகச் சிரித்தான். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ஆள் உள்ள இருந்தா அவர் வண்டியப் பூட்டிட்டுப் போகக் கூடாது, அது அவங்க கம்பெனி ரூல். உங்களால காலைலருந்து அவருக்குக் காப்பி கிடைக்கலையாம்."

"வண்டிய பூட்டுவாரா?"

"பூட்டாம எப்படி ஆன்ட்டி? எல்லா ஸ்டாப்லயும் பூட்டிட்டுத்தான் போவாரு. காலைல அங்கிள் கேட்டப்பவே சொன்னேனே. அப்ப ஆன்ட்டி ஏன் இறங்கலன்னு அவர்கிட்ட கேட்டேன். உங்களுக்கு முட்டி வலி, ஏற முடியாது, நீங்களே வரலன்னுட்டீங்கன்னு சொன்னாரு."

மஹ்பூபா அவனையே பார்த்தாள். முட்டி வலி. காலையிலிருந்து ராத்திரிவரை நின்று நின்று, இருபது லிட்டர் டப்பாவைத் தூக்கித் தூக்கி வைக்கிறவளுக்கு முட்டி வலி. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குவது அந்த மனிதருக்கு.

"இல்ல தம்பி, முட்டி நல்லாத்தான் கீது" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. ஸ்ரீகாந்த் மாத்திரையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

பின்னாலேயே இறங்கி ஓடிவிடலாம் என்று காலை எடுத்தாள். அதற்குள் கூட்டம் திரும்பி வருவது தெரிந்தது. முன்னால் ஷவுகத் அலி, நடேசன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

பஸ் கிளம்பியது. அந்த வழியைப் போல அழகான வழியை இந்தக் கண் பார்த்ததில்லை என்று பஸ்ஸில் எல்லாரும் சொன்னார்கள். உழுத மண் தவிட்டு நிறத்தில் அலை அலையாகக் கிடந்தது. மேடுகளின் வரப்பில் ஒல்லி ஒல்லியான சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நின்றன. வைக்கோலை உருட்டிச் சுருட்டி வயலில் போட்டிருந்தார்கள். தூரத்தில் ஒற்றை வீடு, அதற்குப் போக ஒற்றைப் பாதை. மஹ்பூபா ஜன்னல் ஓரம்தான் இருந்தாள். கண் பார்த்தது, மனசில் ஒன்றும் ஏறவில்லை. பூட்டுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே உட்கார வைத்திருக்கிறார். கேட்டவனிடம் பொய்யும் சொல்லியிருக்கிறார், அதுவும் அவள் உடம்பின் மேல். உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை பற்றி எரிந்தது.

ஷவுகத் அலி செல்போனை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். "இந்தா பாரு, மதில் மேல நின்னு எட்த்தது. எப்டி கீது?"

அவள் பார்க்கவில்லை.

"தூக்கமா?" என்று கேட்டுவிட்டு அவரே தூங்கிப்போனார்.

மூன்றாவது ஊர் பியென்சா. இதுதான் கடைசி, ஒன்றரை மணி நேரம், அப்புறம் நேராக ரோம் என்று ஸ்ரீகாந்த் மைக்கில் சொன்னான். இதை விட்டால் இல்லை. அடுத்த வருஷம் இன்னொரு ஸ்கீம் வரும், இன்னொரு டார்கெட் வரும், அப்போதும் பைகள் இருக்கும். மஹ்பூபாவுக்கு அது சூரியனைப் போலத் தெளிவாகத் தெரிந்தது.

பஸ் நின்றதும் சுதா எழுந்து வந்து வழக்கம்போலப் பையை நீட்டினாள். மஹ்பூபா கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"ஒம் பைய நீயே எட்த்துகினு போம்மா. இல்லன்னா சீட்லயே வெச்சுட்டுப் போ. வண்டிய பூட்டுவாங்களாம்."

"பூட்டுவாங்களா? யாரும் சொல்லலையே அக்கா."

"சொல்லிக்கீறாங்க. கேட்டவருக்குத் தெரியும்."

ஷவுகத் அலி தூக்கக் கலக்கத்தில் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தார். மஹ்பூபா எழுந்து அவர் எதிரில் நின்றாள். பின்னால் நாலைந்து பேர் இறங்க வழியில்லாமல் காத்திருந்தார்கள். அவள் நகரவில்லை.

"இன்னாங்க, எனக்கு எந்த முட்டி வலிக்குது? வலதா, எடதா?"

"இன்னா?"

"அந்தத் தம்பியாண்ட சொன்னீங்களாமே, எனக்கு முட்டி வலின்னு. எதுன்னு சொன்னீங்கன்னா அந்தக் கால நொண்டிகினு நடப்பேன். நாளைக்கு யாரனா கேட்டா மாத்திக் காட்டிடக் கூடாதில்ல."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஷவுகத் அலியின் முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"பாக்கட்டும். ஊர் பாக்கத்தான வந்துக்கீறாங்க."

"இதப் பாரு. பூட்டுவேன்னு அவன் சொல்றான், யார் நம்பறது? நமக்கு ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது. ஒரு ஆளு இருந்தா தைரியம். அதான்."

"கடை பூரா பூட்டு வெச்சிகினு கீறீங்க. சின்னது, பெருசு, நம்பர் பூட்டு, எல்லாம் கீது. ஊருக்கெல்லாம் வித்துட்டு, உங்க பைக்கு மட்டும் பொண்டாட்டிய மாட்டி வெச்சிக்கீறீங்களே, இது இன்னா நியாயம்?"

அவர் தொப்பியை மறுபடியும் சரி செய்தார். "சரி, ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"ஊட்டுல எனக்கு இன்னா கீது பேச? நான் பாக்க வேண்டியது இங்க கீது."

படியில் இறங்கினாள். அவள் சீட்டில் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த சேலத்துப் பையும் மதுரைப் பையும் சரிந்து தரையில் உருண்டன. அவள் திரும்பவில்லை. "மஹ்பூ, பையி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எலியோ கதவோரம் நின்று சாவிக்கொத்தை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். இனி அந்த மனிதருக்குக் காப்பி கிடைக்கும் என்பதில் மட்டும் அவளுக்கு ஒரு திருப்தி.

முதலில் கழிப்பறையைத் தேடிப் போனாள். வெளியே வந்து முகம் கழுவி, முக்காட்டை இழுத்துவிட்டு, ஊருக்குள் நடந்தாள். தெரு குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் தேன் நிறத்தில் கல் வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. பாலாடைக்கட்டிக் கடைகளிலிருந்து ஒரு புளித்த வாசனை வந்தது. காரை பூசிய ஒரு சுவரை நின்று தொட்டுப் பார்த்தாள். மஞ்சளில் துளி சிவப்பு, கொஞ்சம் கறுப்பு. வெயிலும் மழையும் அதற்கு மேல் என்னவோ செய்திருந்தன. அதை மிஷினால் செய்ய முடியாது. சுவர் சூடாக இருந்தது. அவளும்தான்.

தெருக்கோடியில் ஊர் மதில் மேலேயே ஒரு நடைபாதை போனது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பூமி சட்டென்று கீழே இறங்கி, கண்ணுக்கெட்டியவரை பள்ளத்தாக்காக விரிந்தது. மேகத்தின் நிழல் வயல்களின் மேல் மெதுவாக நகர்ந்தது. எங்கோ ஒரு மணி அடித்தது. மஹ்பூபா அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அழகாக இருந்தது. கோபம் தணியும் என்று நினைத்திருந்தாள். தணியவில்லை, கூடியது. இவ்வளவு அழகா? அப்படியென்றால் மைசூரும் இப்படித்தான் இருந்திருக்கும். ஊட்டியும் இப்படித்தான் இருந்திருக்கும். ஜனங்கள் சும்மாவா 'ஓ' என்று கத்தினார்கள்? அவள் இழந்தது கொஞ்சம் என்று நினைத்திருந்தாள், எல்லாம் ஒரே கல்லும் மண்ணும்தானே என்று சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது அந்தச் சமாதானம் பொய் என்று கண்ணெதிரில் விரிந்து கிடந்தது. கண்ணில் நீர் முட்டியது. அது துக்கம் இல்லை, ஆத்திரம். முக்காட்டின் நுனியால் அழுத்தித் துடைத்தாள்.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஷவுகத் அலி வந்துகொண்டிருந்தார். இரண்டு தோளிலும் இரண்டு பை, கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று. தொப்பி நழுவிக் காது மேல் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த கல் பெஞ்சில் பைகளை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பூட்டிட்டான். ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன், நல்லாத்தான் பூட்டிக்கீறான். ஆனா மனசு கேக்கல. திரும்பத் தொறக்கச் சொல்லி நம்ம பைய எட்த்துகினு வந்துட்டேன்."

நான்கு பைகளையும் தூக்கிக்கொண்டு மேடேறி வந்த அந்த மனிதரைப் பார்க்க ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. இப்போதாவது அந்தக் கனம் என்னவென்று தெரிந்திருக்கும், ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். தப்புதான் என்று சொல்ல வேண்டாம். நீயும் வந்து பார்த்திருக்கலாம் அப்போதெல்லாம் என்று ஒரு வார்த்தை போதும்.

ஷவுகத் அலி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் பள்ளத்தாக்கு அவர் கண்ணில் பட்டது. "அடேயப்பா, இன்னா எடம் இது" என்றார். கண்கள் விரிந்தன. சட்டைப் பையில் கைவிட்டு செல்போனை எடுத்தார். மதில் ஓரமாக நாலு எட்டு நடந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"கொஞ்சம் பையாண்ட இரு மஹ்பூ. அந்தாண்ட நின்னு ஒரு போட்டோ எட்த்துகினு வந்துர்றேன்."

வேண்டுமென்று சொல்லவில்லை. கிண்டலும் இல்லை. அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி வந்தது. மஹ்பூபாவுக்கு அதுதான் தாங்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். இதை என்ன செய்வது?

பெஞ்சில் நான்கு பைகளும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு செருப்பை இறுக்கி மாட்டிக்கொண்டு, அவர் போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, மதிலை ஒட்டியே நடந்தாள். அங்கே சின்னச் சின்னச் சந்துகள் ஊருக்குள் பிரிந்தன. எதில் போவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மஹ்பூபா." பதறிய குரல் பின்னாலிருந்து வந்தது. "பையெல்லாம் அப்டியே கீது, நீ எங்க போற?"

அவள் நின்று திரும்பினாள். ஷவுகத் அலி பெஞ்சுக்கு ஓடி வந்து, பைகளின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். நகர முடியாமல் நின்றார்.

"நீங்க அங்கயே இருங்க," என்றாள் மஹ்பூபா. "நான் போய்ப் பாத்துட்டு வந்து எப்டி இருந்துச்சுன்னு சொல்றேன்."

சொல்லிவிட்டு அடுத்த சந்தில் திரும்பி நடந்தாள்.